பதினொரு பட்டாவும் என் அண்ணியும்

என் அண்ணி எங்கள் வீட்டுக்குள் கால் வைப்பதற்கு முன்னால், "முடியாது" என்று ஒரு சொல் எங்களோடு சௌகரியமாகக் குடியிருந்தது. அவர் வந்த மறுவாரமே அது மூட்டை கட்டிக்கொண்டு கிளம்பிவிட்டது. எங்கே போனது என்று இன்றுவரை தகவல் இல்லை.

ஆள் ஒன்றும் மலை மாதிரி இருக்க மாட்டார். என் தோளுக்குத்தான் வருவார். கையைப் பார்த்தால்தான் விஷயம் தெரியும். விரல் முழுக்க வெள்ளை வெள்ளையாகக் கீறல் தழும்பு. கல்யாணத்துக்கு முன்பு ஆறு வருஷம் ஒரு கண்ணாடிக் கடையில் ஜன்னல் கண்ணாடி வெட்டுகிற வேலை. கண்ணாடி மேல் ஒரு கோடு, இரண்டு கையாலும் ஒரு அழுத்து, துண்டு இரண்டாகப் பிரியும். அந்தக் கடைக்கு லோடு அடித்துக்கொண்டிருந்தவர் என் அண்ணன். கண்ணாடி ஏற்ற வந்தவர், வெட்டுகிறவரையே ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார். வழியில் உடையாமல் வந்து சேர்ந்த ஒரே சரக்கு அதுதான் என்று நான் சொல்வேன். அண்ணன் முறைப்பார். அண்ணி சிரிப்பார்.

நான் யார் என்றால், வீட்டுக்குப் பின்னால் வெல்டிங் பட்டறை வைத்திருக்கிற கொழுந்தன். மூன்றாம் வகுப்பை மூன்று வருஷம் படித்தவன். கூட்டிப் பார்த்தால் ஒன்பதாம் வகுப்பு.

ஐந்து வருஷத்துக்கு முன் ஒரு நாள் அண்ணன் பெரிய கண்ணாடி ஒன்றை இறக்கும்போது "டக்" என்று சத்தம் கேட்டது. எல்லாரும் கண்ணாடியைப் பார்த்தோம். கண்ணாடி நன்றாகத்தான் இருந்தது. உடைந்தது அண்ணன் முதுகு. இனிமேல் ஸ்டீயரிங்கைத் தொடக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அண்ணன் கட்டிலில் கிடந்து மோட்டுவளையைப் பார்த்தார். அண்ணி வண்டிச் சாவியைப் பார்த்தார். பத்தொன்பது நாளில் ஓட்டக் கற்றுக்கொண்டார். அந்தப் பத்தொன்பது நாளில் என் வேலி இரண்டு தடவை செத்துப் பிழைத்தது. பக்கத்து வீட்டுக்காரர் துணி காயப்போடுவதையே நிறுத்திவிட்டு ஈரச் சட்டையோடு வேலைக்குப் போனார். இருபதாவது நாள் அண்ணி பிக்கப்புக்குப் பின்னால் டிரெய்லரை மாட்டி, கண்ணாடி ஏற்றி, மலைப்பாதையில் போய்விட்டு வந்தார். அன்றிலிருந்து வாரம் தவறாமல் வியாழக்கிழமை ஓட்டம்.

அந்தப் பாதையைப் பற்றிச் சொல்ல வேண்டும். மொத்தம் ஐம்பது கிலோமீட்டர். முதல் பன்னிரண்டு தார். மீதியை ரோடு என்று சொன்னால் மற்ற ரோடுகள் மானநஷ்ட வழக்குப் போடும். பள்ளத்தில் சக்கரம் இறங்கினால், அங்கே குடியிருக்கிற தவளையிடம் நலம் விசாரித்துவிட்டுத்தான் மேலே வர முடியும். வழியில் ஆறு ஊர். ஒவ்வொரு ஊரிலும் கொஞ்சம் கொஞ்சமாகக் கண்ணாடியை இறக்கிக்கொண்டே போக வேண்டும். கிளம்பும்போது இரண்டு டன் இருக்கும். கடைசி ஊருக்குப் போகும்போது, அங்கே எத்தனை ஜன்னலோ அத்தனை கண்ணாடிதான் மிச்சம்.

அடிக்கடி உடைந்தது. ஒவ்வொரு தடவை உடையும்போதும் எங்கள் வீட்டில் ஒரே வைத்தியம்தான். டிரெய்லருக்கு அடியில், சக்கரத்துக்கும் சட்டத்துக்கும் நடுவில், வளைந்த இரும்புப் பட்டைகளை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கிக் கட்டியிருக்கும். ஸ்பிரிங் பட்டா என்போம். குலுக்கலைத் தாங்குவது அதுதான். வாங்கும்போது கட்டுக்கு ஐந்து பட்டா. ஒரு கண்ணாடி உடைந்தால் அண்ணன் சொல்வார்: "பலம் பத்தல. இன்னொரு பட்டா ஏத்துடா." நானும் ஏற்றுவேன். இப்படியே ஐந்து ஆறாகி, ஆறு ஏழாகி, கடைசியில் பதினொன்றில் வந்து நின்றது. நான்கு கட்டுக்கும் சேர்த்து நாற்பத்து நான்கு பட்டா. அந்த டிரெய்லரில் யானைக் குடும்பத்தை அதன் மாமியாரோடு ஏற்றலாம். அண்ணனுக்கு அதில் அவ்வளவு பெருமை. வீட்டுக்கு யார் வந்தாலும் குனியவைத்துக் காட்டுவார். கல்யாண ஆல்பத்தைக்கூட அப்படிக் காட்டியதில்லை.

வினை கடைசி ஊர்ப் பள்ளிக்கூடத்தில் வந்தது. எட்டு ஜன்னலுக்கு எட்டுக் கண்ணாடி. முதல் தடவை கொண்டுபோனதில் ஐந்து உடைந்தது. மீதி மூன்றிலும் கீறல். முழுசாக எட்டும் திரும்பக் கொண்டுபோனார், ஆறு உடைந்தது, இரண்டில் கீறல். பிள்ளைகள் ஜன்னலில் அட்டையை ஒட்டிக்கொண்டு இருட்டில் படித்தார்கள். கண்ணாடிக்கடை முதலாளி அண்ணியைக் கூப்பிட்டார். நானும் கூடப் போயிருந்தேன்.

"இதோ பாரும்மா. உன் மேல எனக்குக் கோவமில்ல. ஆனா மூணாவது தடவை எட்டு அனுப்புறேன். அதுல ஒண்ணு உடைஞ்சு போய்ச் சேர்ந்தாலும், ஓட்டத்தை உன்னை மாதிரியே லோடு அடிக்கிற அந்த நீலவண்டிக்காரருக்குக் கொடுத்துடுவேன்."

"சரிங்க."

"நீ பயப்படாதே. உன் பழைய மேஜை அப்படியேதான் இருக்கு. நாளைக்கே வந்து கண்ணாடி வெட்டலாம். நிழல்ல வேலை."

அண்ணி அந்த மேஜையைப் பார்த்தார். சுவரோரம் ஒரு குண்டு பல்பு, அதற்கு அடியில் ஆறு வருஷம் நின்ற அதே இடம். "வர்ற வியாழக்கிழமை வேண்டாம். அதுக்கு அடுத்த வியாழன் ஏத்துங்க. பதிமூணு நாள் டைம் கொடுங்க" என்று மட்டும் சொன்னார். வெளியே வந்ததும் என்னைப் பார்த்து, "கொழுந்தனாரே, நான் அந்த மேஜைக்குத் திரும்பப் போகமாட்டேன். எழுதி வச்சுக்கோங்க" என்றார்.

"எனக்கு எழுத வராதே அண்ணி."

"அப்ப ஞாபகம் வச்சுக்கோங்க."

வீட்டுக்கு வந்தால் அண்ணன் தயாராக இருந்தார். முதுகில் தலையணையை முட்டுக் கொடுத்து உட்கார்ந்துகொண்டு, "பன்னிரண்டாவது பட்டாவைப் போட்டுட வேண்டியதுதான்" என்றார். நான் பட்டறைக்குப் போய்க் கையுறையை மாட்டிக்கொண்டேன். நமக்குச் சொன்னால் போதும்.

"இருங்க," என்றார் அண்ணி. ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "என்னங்க, ஒண்ணு கேக்குறேன், யோசிச்சுச் சொல்லுங்க. முதல் ஊர்ல இறக்குறப்போ என்னைக்காவது கண்ணாடி உடைஞ்சிருக்கா?"

அண்ணன் யோசித்தார். "இல்ல."

"ரெண்டாவது, மூணாவதுல?"

"எப்பவாவது ஒண்ணு."

"கடைசி ஊர்ல?"

"அது எப்பவுமே உடையும். அந்த ஊர்க்காரங்க ராசி அப்படி."

"ராசி என்ன டிரெய்லருக்குள்ள ஏறி உட்கார்ந்திருக்கா? கீழ ரெண்டு டன் ஏத்திக்கிட்டுப் போறப்போ உடையல. மேல எட்டே எட்டுக் கண்ணாடி இருக்கிறப்போ உடையுது. பாரம் அதிகமா இருந்தா உடையணும், பாரம் குறைஞ்சா ஏன் உடையுது?"

நாங்கள் இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். இரண்டு பக்கமும் காலிப் பானை.

"கடைசிப் பத்து கிலோமீட்டர் ரோடு மோசம்டி," என்றார் அண்ணன்.

"மூணாவது ஊருக்கு அப்புறம் ஓடையில இறங்கி ஏறுறோமே, அதைவிடவா மோசம்? அங்க உடையலையே."

அண்ணி எழுந்தார். நேரே பட்டறைக்குப் பின்னால் போய் மணல் மூட்டைகளைக் காட்டினார். "கொழுந்தனாரே, இதையெல்லாம் டிரெய்லர்ல ஏத்துங்க. அப்புறம் நீங்களும் ஏறிக்கோங்க."

"நானா? எதுக்கு அண்ணி?"

"நீங்கதான் இன்னைக்குக் கண்ணாடி."

செங்கல் சூளைக்குப் போகிற பாதை எங்கள் வீட்டுக்குப் பின்னால்தான் இருக்கிறது. பல் போன கிழவன் வாய் மாதிரி ஒரு பாதை. நாற்பது மூட்டையோடு என்னையும் வைத்துக்கொண்டு அண்ணி அதில் ஓட்டினார். முதல் சுற்று மெத்தை மாதிரி இருந்தது. ஒரு கொட்டாவிகூட விட்டேன். பத்து மூட்டையை இறக்கிவிட்டு இரண்டாவது சுற்று. கொட்டாவி பாதியில் நின்றது. இருபது மூட்டை இறக்கி மூன்றாவது சுற்று, நாக்கைக் கடித்துக்கொண்டேன். கடைசியில் எல்லா மூட்டையையும் இறக்கிவிட்டு என்னை மட்டும் வைத்துக்கொண்டு ஓட்டினார். அப்போது நான் பறந்த உயரத்தில் ஒரு காக்கா எனக்கு ஒதுங்கி வழிவிட்டது. கீழே வந்து விழுந்தபோது என் எலும்புகள் எல்லாம் இடம் மாறி உட்கார்ந்திருந்தன. முழங்கையைச் சொறிய நினைத்தால் முழங்கால் அசைந்தது.

"எப்படி இருந்துச்சு?" என்றார் அண்ணி, ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி.

"அண்ணி, நான் உடைஞ்சுட்டேன். என்னைக் கடைக்கே திருப்பி அனுப்பிடுங்க."

அவர் இறங்கி வந்து டிரெய்லருக்கு அடியில் படுத்தார். பதினொரு பட்டாவையும் கையால் தட்டினார். "யானைக்குக் கட்டின ஊஞ்சல் இது. அணில் ஏறினா ஆடுமா? பாரம் இருந்தாத்தான் பட்டா வளையுது. பாரம் போயிட்டா வெறும் இரும்புக்கட்டை. ரோட்டுல இருக்கிற குத்து அப்படியே கண்ணாடிக்குப் போகுது. நாம உடைய உடையப் பட்டா ஏத்தல. பட்டா ஏத்த ஏத்த உடைச்சிருக்கோம்."

இதைக் கேட்டதும் எனக்கு இரண்டு விஷயம் புரிந்தது. ஒன்று, அண்ணி சொல்வது சரி. இரண்டு, ஐந்து வருஷமாகக் கண்ணாடியை உடைத்தவன் நான்தான். ரோடு பாவம், அதை எவ்வளவு திட்டியிருக்கிறேன்.

"அப்ப காலியானதும் கல்லை ஏத்திக்கலாமே," என்றேன், புத்திசாலி மாதிரி.

"எனக்குச் சந்தேகம் அப்பவே வந்துச்சு, போன தடவை அதையும் பார்த்தாச்சு. கடைசி ஏத்தத்துல வண்டி முன்னால போகாம பின்னால இறங்கிச்சு. பாதிக் கல்லை அங்கேயே தள்ளிட்டு வந்தேன்."

மறுநாள் அண்ணியும் நானும் உதிரிபாகக் கடைக்குப் போனோம். அந்தக் கடைக்காரர் பேசினால் இரும்பே வெட்கப்பட்டு வளையும். அண்ணியைப் பார்த்ததும் முகம் மலர்ந்து, ரப்பர் பை ஒன்றைத் தூக்கி மேஜை மேல் வைத்தார்.

"அக்கா, இதுதான் இப்ப எல்லாரும் கேக்குறாங்க. காத்துப் பை. பாரம் ஏறினா காத்தை ஏத்துங்க, குறைஞ்சா இறக்குங்க. மேகத்துல போற மாதிரி இருக்கும்."

"நல்லாத்தான் இருக்கு. இது நடுவழியில படுத்துட்டா, என் டூல்ஸ் பெட்டியில இருக்கிறதை வச்சு எழுப்ப முடியுமா?"

"படுக்காதுக்கா."

"எங்க ரோட்டுல டயரே கிழியுது. இது டயரை விடக் கெட்டியா?"

கடைக்காரர் பையை மெதுவாக மேஜையிலிருந்து இறக்கினார். அடுத்து, இரண்டு சக்கரத்தையும் இணைக்கிற ஒரு அச்சைக் காட்டினார். வெளியே ஸ்பிரிங்கே தெரியாது; இரும்புக் குழாய்க்குள் ரப்பரை அடைத்து, அந்த ரப்பர் முறுக்கிக்கொண்டு குலுக்கலை வாங்குமாம். பார்க்க அழகாக இருந்தது. எனக்கே ஒன்று வாங்கி வீட்டில் வைக்க ஆசை வந்தது.

"இதுல ரப்பர் தளர்ந்துட்டா?" என்றார் அண்ணி.

"மொத்த அச்சையும் மாத்திடலாம்கா. ரொம்ப சுலபம்."

"எங்க? உங்க கடையிலயா, மலை மேலயா?"

"கடையிலதான்."

"அப்ப நான் போன் பண்ணினா நீங்க தலையில தூக்கிட்டு வந்துடுவீங்களா?"

கடைக்காரர் என்னைப் பார்த்தார், காப்பாற்று என்பதுபோல. நான் கூரையைப் பார்த்தேன். என் எலும்புகளே இன்னும் பழைய இடத்துக்கு வரவில்லை, அடுத்தவரை எங்கே காப்பாற்றுவது?

"பை நல்லது, ரப்பரும் நல்லது," என்றார் அண்ணி, அவர் மனம் நோகாமல். "நல்ல ரோடு போட்டாங்கன்னா முதல் ஆளா உங்ககிட்ட வருவேன். எங்க பாதையில, சுத்தியலும் ஸ்பேனரும் வச்சு நானே மாட்டுற சாமான்தான் ஓடும்."

வெளியே வந்து தெருமுனையில் டீ குடித்துக்கொண்டிருந்தோம். எதிரே ஒரு மினி பஸ் நின்று ஆளை இறக்கியது. ஐம்பது பேர் ஏறுகிற வண்டியில் மூன்று பேர்தான் மிச்சம். மூன்று பேரும் வாயைத் திறந்துகொண்டு தூங்கினார்கள். பஸ் கிளம்பி ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியது. அப்போதும் அவர்கள் எழுந்திருக்கவில்லை. அண்ணி டீக் கிளாஸை அப்படியே வைத்துவிட்டு, நட்ட நடுத்தெருவில் குனிந்து, போகிற பஸ்ஸின் அடியைப் பார்த்தார். பின்னால் வந்த சைக்கிள்காரர், "அம்மா, ஏதாவது தொலைஞ்சு போச்சா?" என்று கேட்டார்.

"கிடைச்சுடுச்சுங்க," என்றார் அண்ணி.

அன்று மத்தியானம் பழைய வண்டிகளை உடைக்கிற இடத்தில் இருந்தோம். மினி பஸ்ஸுக்குப் போடுகிற பட்டா நீளம் அதிகம், பட்டைகள் குறைவு. நீளமானது சுலபமாக வளையும். அண்ணி தேடிப் பிடித்துப் பன்னிரண்டு நீளப் பட்டாவை எடுத்தார்: கட்டுக்கு மூன்று. அதற்குக் கீழே, இரண்டு விரல் இடைவெளி விட்டு, எங்கள் பழைய பட்டாவில் மூன்று. பாரம் குறைவாக இருந்தால் மேலே இருக்கிற மூன்று மட்டும் வேலை செய்யும். பாரம் ஏறினால் அது தணிந்து கீழே இருக்கிற மூன்றின் மேல் உட்காரும். அப்போது ஆறும் சேர்ந்து தாங்கும்.

"மூணு பேர் வேலைக்குப் போறாங்க, மூணு பேர் வீட்டுல இருக்காங்க. வேலை அதிகமானா இவங்களும் கைகொடுப்பாங்க," என்று அண்ணி விளக்கினார்.

"நம்ம வீட்டுல அண்ணன் மாதிரி."

"அவர் காதுல விழுந்துடப்போகுது."

இதோடு முன்சக்கரப் பட்டாவுக்கும் பின்சக்கரப் பட்டாவுக்கும் நடுவில், பக்கத்துக்கு ஒன்றாக, தராசு மாதிரி ஆடுகிற இரும்புக் கை வைக்கச் சொன்னார். முன்சக்கரம் மேட்டில் ஏறினால் அந்தக் கை பின்சக்கரத்தைக் கீழே அழுத்தும். குலுக்கல் பாதியாகும். அதை நானே செய்தேன். என் வாழ்க்கையில் நான் வைத்த வெல்டிங்கிலேயே அதுதான் அழகு. என் கல்யாணத்துக்குப் பெண் பார்க்க வருகிறவர்களுக்கு என்னைக் காட்டாமல் அதைக் காட்டலாம்.

அண்ணன் மூன்று நாள் பேசவில்லை. பதினொன்றைக் கழற்றி ஆறாக்கினால், அதிலும் மூன்று சும்மா நிற்கும் என்றால், ஒரு மனுஷன் எப்படித் தாங்குவார்? கழற்றிய பட்டாக்கள் பட்டறை மூலையில் குவிந்து கிடந்தன. சாப்பிடக் கூப்பிட்டால் "பசிக்கல" என்றார். தட்டை வைத்துவிட்டுப் போனால் தட்டு காலியாக இருந்தது. நான்காம் நாள் அண்ணி குளிக்கப் போன நேரம் பார்த்து என்னைப் பிடித்தார்.

"டேய். மூணு பட்டா முறிஞ்சு போயிடும்டா. உன் அண்ணி மலைச்சரிவுல நிப்பா. கட்டுக்கு ஒண்ணே ஒண்ணு சேர்த்துடு. அவளுக்குத் தெரிய வேண்டாம்."

"அண்ணி கண்டுபிடிச்சா?"

"பட்டாவை யாருடா எண்ணப் போறா?"

அவர் கண்ணைப் பார்த்தேன். பெருமைக்காகக் கேட்கவில்லை, பயந்து கேட்டார். அதனால் செய்துவிட்டேன். இரண்டு விரல் இடைவெளியில் ஒரு பட்டா போய் உட்கார்ந்தது. இடைவெளி இருந்த இடமே தெரியவில்லை.

அண்ணி வந்து காலி டிரெய்லர் மேல் ஏறி ஒரு தடவை குதித்தார். நின்றார். இன்னொரு தடவை குதித்தார். இறங்கி நேரே என் முன்னால் வந்தார்.

"கொழுந்தனாரே, நீங்கதானே மூணாங்கிளாஸை மூணு தடவை படிச்சீங்க?"

"ஆமா அண்ணி."

"நான் ஒரே தடவைதான் படிச்சேன். ஆனா எண்ணக் கத்துக்கிட்டேன். கழட்டுங்க."

நான் கழற்றினேன். அவர் வீட்டுக்குள் போனார். ஜன்னல் திறந்துதான் இருந்தது.

"என்னங்க, பயமா இருக்கா?"

"இல்ல."

"எனக்கு இருக்கு. அதனாலதான் ஒவ்வொண்ணையும் சோதிச்சுப் பார்க்கிறேன். ரெண்டு டன் மணல் ஏத்தி மூணு நாளு சூளைப் பாதையில சுத்தியிருக்கேன். ஒரு பட்டாவும் முறியல. நம்பிக்கை இல்லேன்னா வியாழக்கிழமை கூட வாங்க. வந்து பக்கத்துல உட்கார்ந்து பாருங்க. திருட்டுத்தனமா இரும்பை ஏத்தாதீங்க."

அண்ணன், "முதுகுக்கு ஒரு தலையணை எடுத்து வை" என்றார்.

இன்னும் ஒரு சிக்கல் இருந்தது. பட்டா குறைந்ததும் காலி டிரெய்லர் குதிக்கவில்லை. ஆனால் தொட்டில் மாதிரி ஆடியது. ஒரு பள்ளத்தில் இறங்கினால் அடுத்த பள்ளம் வரை ஆட்டம் நிற்கவில்லை. கண்ணாடி ஒன்றோடு ஒன்று உரசும். அண்ணி வண்டி உடைக்கிற இடத்துக்குத் திரும்பப் போய் நான்கு ஷாக் அப்சார்பர் வாங்கி வந்தார். அதை மாட்டியதும் ஒரே ஆட்டத்தில் அடங்கியது. சோதனைக்குக் கண்ணாடியாக இந்தத் தடவையும் நான்தான். என் பற்கள் இருந்த இடத்திலேயே இருந்தன.

வியாழக்கிழமை காலை ஏழு மணிக்குக் கிளம்பினோம். முன்னால் மூன்று பேர்: அண்ணி ஸ்டீயரிங்கில், நடுவில் நான், ஓரத்தில் தலையணையோடு அண்ணன். பின்னால் இரண்டு டன் கண்ணாடி, கடைசியாக இறங்க வேண்டிய எட்டும் உள்பட, சட்டத்தில் சாய்த்துக் கயிறு போட்டுக் கட்டியிருந்தது. தார் ரோடு முடிந்து முதல் பள்ளத்தில் இறங்கினோம்.

"முறிஞ்சுடுச்சு!" என்றார் அண்ணன்.

"இல்லைங்க."

"சத்தம் கேட்டுச்சு."

"அது என் வயிறு அண்ணே," என்றேன். "காலையில ஒண்ணும் சாப்பிடல."

முதல் ஊரில் இறங்கிப் பார்த்தோம். மேல் பட்டா நன்றாகத் தணிந்து கீழ்ப் பட்டா மேல் உட்கார்ந்திருந்தது. அண்ணன் முதுகைப் பிடித்துக்கொண்டு குனிந்து பார்த்தார். "ம்" என்றார். அந்த "ம்"முக்கு அர்த்தம் சொல்ல ஒரு அகராதி போட வேண்டும்.

மூன்றாவது ஊர் தாண்டி ஓடையில் இறங்கி ஏறும்போது பின்னால் "டங்" என்றது. இந்தத் தடவை என் வயிறு இல்லை. அண்ணி உடனே நிறுத்தினார். டிரெய்லர் வலது பக்கமாகச் சாய்ந்திருந்தது. பட்டா நன்றாகத்தான் இருந்தது. பட்டாவை என் தராசுக் கையோடு சேர்க்கிற போல்ட் முறிந்துவிட்டது. அழகான வெல்டிங் வைத்தவன், போல்ட்டைப் பழையதாகப் போட்டுவிட்டேன். பட்டறையில் கைக்கு அகப்பட்டதை மாட்டுகிற புத்தி.

அண்ணன் தலையணையோடு இறங்கி வந்தார். "நான் சொன்னேன்ல? பழையபடியே விட்டிருக்கலாம். திரும்பிடலாம்."

"எந்தப் பக்கம் திரும்பினாலும் இதைச் சரி பண்ணித்தானே ஆகணும்," என்றார் அண்ணி. "கொழுந்தனாரே, ஜாக்கியை வைங்க."

சக்கரத்துக்குக் கல்லை முட்டுக் கொடுத்தோம். ஜாக்கியில் தூக்கினோம். அண்ணி சேற்றில் படுத்து, முறிந்த துண்டைச் சுத்தியலால் தட்டி வெளியே எடுத்தார். பெட்டியில் நான்கு புது போல்ட் இருந்தது. கட்டுக்கு ஒன்று என்று அவரே கேட்டு வாங்கிப் போட்டிருந்தார். நான் போட வேண்டியதை அவர் வைத்திருந்தார். அவமானத்தில் நான் ஓடைத் தண்ணீரில் குதித்திருப்பேன், கணுக்கால் அளவுதான் இருந்தது. நாற்பது நிமிஷத்தில் மாட்டி முடித்தார். மற்ற மூன்று பழைய போல்ட்டையும் அங்கேயே மாற்றச் சொன்னார். அண்ணன் தலையணை மேல் உட்கார்ந்து ஒவ்வொரு ஸ்பேனராக எடுத்துக் கொடுத்தார். கேட்பதற்கு முன்னாலேயே சரியான அளவைக் கொடுத்தார். ஐந்து வருஷத்துக்கு அப்புறம் அன்றுதான் அவர் வண்டி வேலையில் கைவைத்தார்.

ஐந்தாவது ஊரில் இறக்கியதும் மிச்சம் எட்டே எட்டு. இனிமேல்தான் விஷயம். கடைசிப் பத்து கிலோமீட்டர். நான்கூடப் பேசவில்லை என்றால் நிலைமையை நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். கண்ணாடி உடைகிற சத்தத்துக்காகக் காதைப் பின்னால் நீட்டி வைத்திருந்தேன். அன்று வளர்ந்த காது இன்னும் சுருங்கவில்லை. அண்ணி வேகத்தைக் கூட்டவும் இல்லை, பள்ளத்தைக் கண்டு கெஞ்சவும் இல்லை. கை இரண்டும் ஸ்டீயரிங்கில், உதடு இறுக்கி, கண் ரோட்டில். ஒவ்வொரு பள்ளத்திலும் டிரெய்லர் ஒரு தடவை உட்கார்ந்து எழுந்தது. அவ்வளவுதான். கடைசி ஏற்றத்தில் அண்ணன் மெதுவாக, "இங்க வலது பக்கம் ஒதுங்கிப் போ, இடப்பக்கம் வேர் இருக்கும்" என்றார். அண்ணி ஒதுங்கிப் போனார். வேர் இருந்தது.

பள்ளிக்கூட வாசலில் தலைமையாசிரியை நின்றுகொண்டிருந்தார். இரண்டு தடவை ஏமாந்தவர், அதனால் கையில் துடைப்பத்தோடு நின்றார். கயிற்றை அவிழ்த்தோம். ஒன்று. இரண்டு. ஆறு எடுத்து வைத்த பிறகு நான் ஏழாவதைத் தொட்டுக் கும்பிட ஆரம்பித்தேன். அண்ணி என்னைத் தள்ளிவிட்டு மீதி இரண்டையும் தானே எடுத்தார். வராந்தாவில் சுவரோரம் எட்டும் வரிசையாக நின்றன. எட்டிலும் வானம் தெரிந்தது. தலைமையாசிரியை துடைப்பத்தை எங்கே வைப்பது என்று தெரியாமல் அண்ணனிடம் கொடுத்தார். அவரும் வாங்கிக்கொண்டார்.

ஊர்த் தச்சர் உடனே கண்ணாடி மாட்ட ஆரம்பித்தார். நாங்கள் குழாயடியில் கை கழுவிக்கொண்டிருந்தோம். உள்ளே பள்ளிக்கூட போன் அடித்தது. முதலாளிக்கு அங்கே பொறுக்கவில்லை.

தலைமையாசிரியை எடுத்துப் பேசுவது ஜன்னல் வழியாகக் கேட்டது. அதே நேரம் பக்கத்து வகுப்பில் "சலார்" என்று ஒரு சத்தம். அவர் திரும்பிப் பார்த்துவிட்டு, "ஐயோ, ஒண்ணு உடைஞ்சு போச்சுங்க" என்று போனில் சொல்லிவிட்டார்.

அண்ணி கழுவின கையைத் துடைக்கவில்லை. அப்படியே உள்ளே ஓடினார். நானும் ஓடினேன். அண்ணன்கூட ஓடினார், துடைப்பத்தோடு.

"அம்மா, போனைக் கொடுங்க," என்று வாங்கி, "ஐயா, நான்தான் பேசுறேன். எட்டும் முழுசா இறக்கியாச்சு. இறக்கினதுக்கு அப்புறம்தான் ஒண்ணு உடைஞ்சது" என்றார்.

அந்தப் பக்கம் முதலாளி குரல் எனக்கே கேட்டது. "எல்லாரும் இப்படித்தாம்மா சொல்லுவாங்க. இறக்கினப்போ நல்லா இருந்துச்சுன்னு யாரு சாட்சி? உன் புருஷனா, கொழுந்தனா?"

தச்சர் கதவோரம் வந்து நின்றார். மீசை பெரிசு, முகம் சின்னது. கையில் ஜன்னல் சட்டம், அதில் கண்ணாடி இல்லை. அண்ணி போனை அவர் பக்கம் நீட்டினார், அவ்வளவுதான். அவர் அண்ணியின் சேறு காய்ந்த புடவையைப் பார்த்தார், அந்தத் தழும்பு விரல்களைப் பார்த்தார், போனை வாங்கினார்.

"ஐயா, நான் இந்த ஊர்த் தச்சன். இருபது வருஷமா வேலை செய்யுறேன். இதுவரைக்கும் உங்க வண்டியில வர்ற கண்ணாடி உடைஞ்சேதான் வரும். நான் உடைக்கிறதுக்கு ஒண்ணுமே இருக்காது. இன்னைக்குத்தான் முதல் தடவையா முழுசா வந்துச்சு. அளவு பார்க்காம அழுத்திட்டேன். உடைச்சது நான்தான்."

"அந்த அம்மாகிட்டக் கொடுங்க" என்றார் முதலாளி.

அண்ணி வாங்கினார். "சொல்லுங்கய்யா."

"அளவைக் குறிச்சுக்கிட்டு வா. அடுத்த வியாழக்கிழமை லோடோட அந்த ஒண்ணையும் ஏத்திக்கோ."

"சரிங்கய்யா," என்றார் அண்ணி. போனை வைத்தார். சுவரில் கையை ஊன்றி ஒரு நிமிஷம் நின்றார். அவர் தோள் ஒரு தடவை ஏறி இறங்கியது. அப்புறம் தச்சரைப் பார்த்தார்.

"அண்ணே, அந்தச் சட்டத்தை இப்படிக் கொடுங்க. அளவு நான் எடுக்குறேன். மீதி ஏழு கண்ணாடியையும் நான் மாட்டித் தர்றேன். நீங்க ஆணி மட்டும் பிடிச்சா போதும்."